பச்சைத் திரைக்குப் பின்னால்

கேள்வி கேட்டே ஆளைச் சாகடிப்பதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர். அன்றுதான் இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்திருந்தான். வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு, சுவரில் இருந்த டி.வி.யை மூக்கு உரசும் தூரத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டான்.

“இவ்வளவு பெரிய டி.வி. வச்சதே தூரத்துலேர்ந்து பார்க்கத்தான்,” என்றாள், மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டுகளை அங்கே எழுதுபவள். “பச்சைன்னா டெஸ்ட் பாஸ், சிவப்புன்னா ஃபெயில். எல்லாம் பச்சையா இருந்தா டீ குடிக்கப் போகலாம். டேஷ்போர்டுன்னா அவ்வளவுதான்.”

“எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணுதாங்க, பொறந்ததுலேர்ந்து. அதனால எழுத்தைத்தான் படிக்கணும்.”

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. அந்தப் பச்சை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். இடுப்பில் மாட்டிக்கொண்டால் சர்க்கரை நோயாளிக்குத் தானாகவே இன்சுலின் செலுத்தும் சிறு கருவிக்கு அவர்கள் மென்பொருள் எழுதினார்கள். எதை மாற்றினாலும் நூற்றுக்கணக்கான டெஸ்டுகள் ஆள் தொடாமலே ஓடி, முடிவு அந்தத் திரைக்கு வந்துவிடும். போன மாதம் மேனேஜர் டி.வி.யை மாட்டியதிலிருந்து ஒரு சிவப்புகூட இல்லை. காலையில் கதவைத் திறந்ததும், மழை விட்ட பிறகு ஜன்னலைத் திறந்தது போல இருக்கும். அந்தப் பச்சையை நம்பித்தான் நேற்று புதிய பதிப்பை வெளியே அனுப்பினார்கள்.

இரவு வேலைக்குப் போகும் அவள் தம்பியின் இடுப்பிலும் அந்தக் கருவிதான். நச்சரித்து மாட்டவைத்தவள் அவளே. காலையில் செய்தி அனுப்பியிருந்தான். ‘அக்கா, உங்க புதுசை ஏத்திட்டேன். தூங்கப் போறேன். செத்தா உன் பேரைத்தான் சொல்வேன்.’ போடா லூசு என்று பதில் போட்டிருந்தாள்.

“தூக்கத்துல சர்க்கரை இறங்கினா மருந்தை நிறுத்துதான்னு ஒரு டெஸ்ட் இருக்கே,” என்றான் வக்கீல். “நேரம், பூஜ்ஜியம் செகண்டுன்னு போட்டிருக்கு. எப்படி?”

“மெஷின்தானே, வேகமா...” பாதியிலேயே நாக்கு நின்றுவிட்டது. அவள் எழுதிய டெஸ்ட் அது; மருந்து நிற்காவிட்டால் தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். நோயாளியின் உடம்புக்குப் பதிலாக மேசைமேல் வைத்திருக்கும் சென்சார் பெட்டி, சர்க்கரை மெல்ல மெல்ல இறங்குவதாகக் கருவியை நம்பவைக்க வேண்டும். எந்த மெஷினாலும் ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் அதை முடிக்க முடியாது.

லேப்டாப்பில் அந்த வரியைத் திறந்தாள். பச்சைக்கு அடியில் பொடி எழுத்து: சென்சார் பெட்டி இல்லை, ஓட்டாமல் விடப்பட்டது.

“ஓடவே இல்ல,” என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. “ஓடாததால ஃபெயிலும் ஆகல.”

“பரீட்சைக்கே வராதவனுக்குப் பாஸ் போட்ட மாதிரியா?” வக்கீல் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

பெட்டி மேசைமேல் அதே இடத்தில்தான் இருந்தது. அதன் விளக்கு எரியவில்லை. அவள் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். மேசைக்கு அடியில் இறங்கி, சுவரோரமாக வளைந்து, டி.வி.க்குப் பின்னால் போயிற்று. அங்கே தூசிக்குள் பிளக் கழன்று கிடந்தது. அது இருக்க வேண்டிய துளையில் டி.வி.யின் பிளக் சொருகியிருந்தது.

அவள் போனை எடுத்தாள்.

“என்னம்மா, எல்லாம் பச்சைதானே?” கையில் கோப்பையோடு மேனேஜர் வாசலில் நின்றார்.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். மணி போயிற்று. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை அணைந்தது. கறுத்த கண்ணாடியில் மூன்று பேரும் தெரிந்தார்கள். பெட்டியின் பிளக்கைச் சொருகினாள். விளக்கு இமைத்தது.

“ஓட்டுங்க அதை,” என்றாள்.

வக்கீல் லேப்டாப்பைத் தட்டினான். இத்தனை நாள் பூஜ்ஜியமாகவே நின்ற கட்டத்தில் ஒன்று விழுந்தது, பிறகு இரண்டு, பிறகு மூன்று. அவள் காதில் மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.