மூன்றாவது பெட்டியில் தாமோதரன் உரை

அழைப்பிதழை அடித்தவள் ஸ்வப்னாதான். இரண்டு நாள், பதினான்கு உரைகள். கடைசி வரியில், ஞாயிறு மாலை நான்கு முதல் ஐந்து வரை, 'சேர்ந்து வேலை' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தாள். எங்கே தப்பு செய்தோம் என்பது சனிக்கிழமை சாயங்காலம்தான் அவளுக்கு உறைத்தது.

நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய பழைய கிளப் ஹாலுக்கு வெளியூரிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கணினித் திரையில் வரும் கட்டளைகளைத் தமிழாக்குவது அவர்கள் இரண்டு வருடமாகச் சம்பளமில்லாமல் செய்துவரும் காரியம். மின்னஞ்சலில் மட்டுமே பழக்கம். அவரவர் தனித்தனியாக மொழிபெயர்த்ததில் ஒரே கட்டளைக்கு ஒரு திரையில் ஒரு பெயர், அடுத்த திரையில் வேறு பெயர். எல்லாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து, சண்டை போட்டு, ஒன்றை முடிவு செய்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். ஞாயிறு மாலைக்குள் மென்பொருள் செய்பவர்களுக்கு அனுப்பினால் அதன் அடுத்த பதிப்பில் தமிழ் இருக்கும். தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் ஹால் கொடுத்தவருக்குத் தொடக்க உரை, நாற்காலி கொடுத்தவருக்கு வாழ்த்துரை என்று அவள் பங்கு வைத்திருந்தாள். கைகொடுத்தவரை மேடையேற்றாமல் அனுப்புவது அந்த ஊரில் மரியாதை இல்லை. 'ரெண்டே வார்த்தை' என்று ஆரம்பித்தவர்கள் யாரும் முக்கால் மணிக்குக் குறையவில்லை. மார்ச்சில் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து ஷிப்டு முடியும் சங்கும் ஊதுவதில்லை. பேச்சை நிறுத்த ஒரு சாக்கும் இல்லாமல் போயிற்று. வேலைக்கு வந்த ஒன்பது பேரும் கடைசி வரிசையில் மரியாதையாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையில் கிடைத்த அரை மணியில் பதினோரு சொற்கள் முடிவாயின. மிச்சம் நூற்றுத் தொண்ணூறு.

"இதுக்கு நான் மெட்ராஸ்லயே இருந்து மெயில்ல சண்டை போட்டிருப்பேனே," என்றான் வினய், வந்தவர்களில் அதிகம் மொழிபெயர்த்தவன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை தாமோதரன் உரை. அதன் பிறகும் நான்கு பேர் பேச இருந்தார்கள். மூத்தவரான தாமோதரன் விட்டுக்கொடுத்தால் அவர்களும் கொடுப்பார்கள். ராபர்ட்சன்பேட்டையில் மாலை நேரக் கணினி மையம் வைத்திருக்கும் தாமோதரன்தான் ஹாலில் இருந்த ஆறு கணினிகளுக்கும் சொந்தக்காரர். தினமும் அவளோடு பெங்களூர் ரயிலில், அதே மூன்றாவது பெட்டியில், வேலைக்குப் போகிறவர். அவர் பேச்சில் அவள் கேட்ட நல்லதெல்லாம் அந்தப் பெட்டியில் கேட்டதுதான்.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்."

"இன்னா, மைக் வரலியா?"

"மைக் இருக்குது. நேரம்தான் இல்ல. உங்க பேச்ச நாளைக்கி ரயில்ல வெச்சிக்கலாமா?"

தாமோதரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரயில்லயா? நான் இன்னா கடலை விக்கிறவனா?"

"இல்லண்ணா..."

"நேத்து அவனவன் ஒரு மணி நேரம் ஓட்டுனான். அவங்களுக்கெல்லாம் நேரம் இருந்துச்சி. என் மெஷினையும் ரயில்லயே ஏத்திடட்டா?" குரல் தணிந்தது. "உங்க அண்ணி பட்டுப் பொடவ கட்டிக்கினு வந்து முன்னால குந்திக்கினு இருக்கா, பாரு."

ஸ்வப்னா பார்த்தாள். அவர் மனைவி பார்வதம்மா, பக்கத்தில் பங்காருபேட்டையிலிருந்து வந்த நாத்தனார். சொல்ல வைத்திருந்த சமாதானமெல்லாம் மறந்துபோயிற்று.

"தப்பு என்னுதுண்ணா. பொருள் குடுத்தவங்களுக்கெல்லாம் மேடை குடுத்தேன். வேலை செய்ய வந்தவங்களுக்கு நேரம் குடுக்கல."

அவர் உள்ளே போனார். ஓடாத ஆறு திரைகளையும், கடைசி வரிசையில் காகிதத்தை மடியில் வைத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்த ஒன்பது பேரையும் பார்த்தபடி நடந்தார். மேடை ஏறினார். சால்வை போட்டார்கள். பார்வதம்மா கைதட்டினாள்.

"ரெண்டே வார்த்தை," என்றார். ஹாலில் யாரோ சிரித்தார்கள். "சிரிக்காதீங்க, மெய்யாலுமே ரெண்டுதான். வேல செய்ங்க. மிச்சம் நாளைக்கி காலையில ரயில்ல, மூணாவது பெட்டி. கேக்கறவங்க டிக்கெட் எடுத்துக்கினு வாங்க."

சால்வையோடு இறங்கி வந்து ஒரு கணினி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டதும் மற்ற நாலு பேரும் தங்கள் காகிதங்களை மடித்துவிட்டார்கள். வினய் ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை போட்டான். நாலரை மணிக்கு ஏழு சொற்களுக்கு முடிவு கிடைக்கவில்லை; அவற்றை இருந்தபடியே விட்டுவிட்டு, தாமோதரன் மையத்துத் தொலைபேசி இணைப்பில் அனுப்பினார்கள்.

திங்கள் காலை தாமோதரன் அதே சால்வையோடு வந்தார். கையில் பதினாறு பக்கம். எதிர் இருக்கையில் ஸ்வப்னா. சீட்டாடுகிறவர்கள் முதலில் கேலி செய்தார்கள்; சாம்பியன் நிலையம் தாண்டியதும் ஒருவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேள்வி கேட்டார். பதில் சொல்ல ஒரு பக்கம் பின்னால் போக வேண்டியிருந்தது. பங்காருபேட்டையில் கூட்டம் ஏறியதும் அவர்களுக்காக முதலிலிருந்து சுருக்கினார். ஸ்வப்னாவுக்குக் கண் சொருகியது. இரண்டு நாள் அலைச்சல். தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தாள்.

பெங்களூர் விளிம்பில், கிருஷ்ணராஜபுரத்தில் வண்டி நின்றபோது அவர் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தார். எல்லாரும் பையைத் தோளில் மாட்டத் தொடங்கினார்கள்.

"மீதி சாயங்காலம், திரும்பி வரும்போது," என்றார் தாமோதரன், காகிதத்தின் மூலையை மடித்தபடி. "எடம் பிடிச்சி வையிம்மா."