திரும்பும் ஓட்டம்

ஆம்பூரில் ரேஸ் போட் கட்டுகிறார்கள் என்று கேட்டவர்கள் எல்லாம், பாலாற்றில் விடவா என்று சிரித்தார்கள். ஆல்வினும் அவன் தங்கை கிறிஸ்டினாவும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூடிக் கிடந்த தன் ஷூ கம்பெனி ஷெட்டை மக்பூல் அகமது பாய் அவர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். படகை வடிவமைத்தவள் கிறிஸ்டினா. ஃபைபர் வேலை முழுக்க ஆல்வின் கை. கடலில் அவன் ஸ்டியரிங் பிடிப்பான், பக்கத்து சீட்டில் அவள் வேகத்துக்கான த்ராட்டிலைப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். படகின் மூக்குக்குள் குறுக்கே தடுப்புகள் வேண்டும், இடையில் கெட்டியான ஃபோம் வேண்டும். ரேஸ் வேகத்தில் அலை கல்லாக அடிக்கும். வெளித்தோட்டை உள்ளிருந்து ஏதாவது தாங்க வேண்டும். விரிசல் விட்டாலும் தண்ணீர் ஓர் அறையோடு நின்றுவிட வேண்டும். கனம் ஜாஸ்தி, வேகம் கம்மியாகும் என்று ஆல்வின் முணுமுணுத்தான். கடைசியில் சரி என்று தடுப்புகளை வைத்தான். அவள் எஞ்சின் விஷயமாகச் சென்னை போய்த் திரும்பியபோது மேல்தளத்தை ஒட்டி மூடி, பெயின்ட்டும் அடித்திருந்தான்.

கோவளம் கடலில் சாதனை முயற்சி. போக ஓர் ஓட்டம், திரும்ப ஓர் ஓட்டம். இரண்டின் சராசரிதான் கணக்கு. போகும்போது படகு பறந்தது. மூக்கு அவள் கணக்குப் போட்டதைவிட மேலே தூக்குவதைக் கவனித்து ஹெல்மெட் மைக்கில் கேட்டாள். காற்று என்றான். பழைய சாதனை வேகத்தைத் தாண்டிவிட்டதாகக் கரையிலிருந்து சொன்னார்கள்.

திரும்பும்போது அலை எதிரே வந்தது. மூக்கு ஒருமுறை குத்தி எழுந்ததும் அவள் காலுக்கு முன்னால் சளசளவென்று சத்தம் கேட்டது. ஃபோம் அடைத்த இடத்தில் தண்ணீர் ஓட வழியே கிடையாது. அவள் த்ராட்டிலைக் குறைத்தாள்.

"இன்னா பண்றே? இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"உள்ள தடுப்பு இருக்குதாண்ணா?"

"அறுத்து எடுத்துட்டேன். சொன்னா நீ ஏற மாட்டே."

காலையில் அவளுடைய சீட் பெல்ட்டை இறுக்கிவிட்டவன் அவன்தான். அவள் ஏறமாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரியும், ஏன் ஏறமாட்டாள் என்பதும் தெரியும். அவள் த்ராட்டிலை முழுசாக மூடினாள். மீட்புப் படகு வந்து இருவரையும் ஏற்றிக்கொள்வதற்குள் மூக்கு தண்ணீருக்குள் போய்விட்டது.

மறுநாள் பாய் அவளைக் கூப்பிட்டு, பயம் எல்லாருக்கும் வர்றதுதாம்மா என்று ஆறுதல் சொன்னார். அவள் பயந்து வேகத்தைக் குறைத்ததால்தான் சாதனை போயிற்று என்று ஆல்வின் சொல்லியிருந்தான். படகு லாரியில் ஷெட்டுக்கு வந்ததும் அவள் இருவரையும் வரச்சொல்லி, கட்டர் எடுத்து மேல்தளத்தை அறுத்துத் திறந்தாள். உள்ளே வெறும் கூடு. தடுப்புகளின் அடிக்கட்டைகள் மட்டும் ஓரத்தில் நின்றன. அறுத்த விளிம்புகளை அவன் பொறுமையாகத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். பாய் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

"நானும் அதுக்குள்ளதானே இருந்தேன்" என்றான் ஆல்வின்.

"நீ தெரிஞ்சு உக்காந்தே. நான் தெரியாம உக்காந்தேன்."

இப்போது அவள் காசிமேட்டில் மீன்பிடிப் படகு கட்டும் யார்டில் வேலை பார்க்கிறாள். ஆல்வின் போன் செய்தால் எடுக்கிறாள். அம்மாவின் சுகர் மாத்திரை பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.