வென்றவருக்கு அப்பீல் இல்லை

தீர்ப்பு அன்ரனிட்டாவுக்குச் சார்பாகத்தான் வந்தது. அவளுக்குக் கொதி ஏறியதும் அதனால்தான்.

வழக்கு, ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆழமில்லாத கடலில் தடி நட்டு வலை கட்டுகிற ஓர் இடத்தைப் பற்றியது. கலியாணம் முடித்த நாள் முதல் புருசனோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று தடி நட்டவள் அவள். புருசன் செத்த கையோடு, இடம் தன்னுடையது என்று கொழுந்தன் அன்ரனிதாஸ் கிளம்பினான். அவள் மீனவர் சங்கத்தில் முறைப்பாடு வைத்தாள்.

சங்கம் மூன்று பேரை விசாரிக்க விட்டது. ஒரு வரியில் முடிகிற விசயம். ஆனால் மூவரில் ஒருவர் கோட்டு முதலியாராக, அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக, இருந்து ஓய்வுபெற்ற ஜோர்ஜ்; சொந்தக் கோழி களவு போனபோதே ‘சாட்சியம் போதாது’ என்றவர்.

“பெரிய கோட்டிலை முடிவு ஒண்டெண்டாலும் நீதியரசர்மார் தனித்தனியாத்தான் காரணம் எழுதுவினம்,” என்றார். அந்தக் கணமே மற்ற இருவருக்கும், சங்கத் தலைவருக்கும் கோயில் உபதேசியாருக்கும், முதுகு நிமிர்ந்துவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து வாசித்தார்கள். தலைவர் பஸ்ரியாம்பிள்ளை, விதவையின் கண்ணீருக்கு இரங்குவது சங்கத்தின் கடமை என்று எழுதியிருந்தார். உபதேசியாருக்கு அவள் பூசை தவறாத ஒழுக்கசாலி. அதை நிறுவ வேதாகமத்து யோபுவையும் இழுத்து வந்திருந்தார். எல்லாவற்றிலும் நீளம் ஜோர்ஜின் தீர்ப்பு. சாரம் இவ்வளவுதான்: அன்ரனிதாஸின் மறுமொழியில் முத்திரை ஒட்டப்படவில்லை.

கைதட்டினார்கள். அன்ரனிட்டா எழும்பினாள்.

“நான் எப்ப அண்ணை அழுதனான்? தடி நட்டவள் நான் எண்டு ஒருத்தரும் எழுதேல்லையே!”

“இடம் உமக்குத்தானே பிள்ளை, பிறகென்ன?” என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

“நாளைக்கு நான் ஒருக்காச் சிரிச்சா உங்கடை இரக்கம் போயிடும். ஒரு பூசைக்குப் பிந்தினா ஒழுக்கமும் போச்சு. நான் சமாசத்துக்கு அப்பீல் செய்யப்போறன்.”

சமாசம் எல்லாச் சங்கங்களுக்கும் மேலே உள்ளது. ஜோர்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெண்ட ஆள் அப்பீல் செய்யேலாது. தோத்தவருக்குத்தான் அந்த உரிமை.”

வெளியே அன்ரனிதாஸ் மோட்டார்சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தான். அவள் நேரே போய் வண்டியிலிருந்த திறப்பைப் பிடுங்கினாள்.

“தம்பி, நீர் சமாசத்துக்கு அப்பீல் போடும். முத்திரை நான் வாங்கித் தாறன்.”

“விசரோ மச்சாள்? அங்கை நான் வெண்டிட்டா?”

“வெல்லுமன். ஒரு தடியாவது நட்டனீர் எண்டு அவையின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லி வெல்லும்.”

அவன் குனிந்து தன் நீளக் களிசானைப் பார்த்தான். அதில் ஒருநாளும் சேறு பட்டதில்லை.

“எனக்கு அப்பீல் வேண்டாம் மச்சாள்.”

“எனக்கு வேணும். தோத்தாலும் சரியான காரணத்துக்குத் தோப்பன். காலமை முத்திரை வாங்கத் தபால்கந்தோர் வாசலிலை நிப்பன், வாரும்,” என்று திறப்பை அவன் கையில் வைத்து மூடினாள்.