கதைக்குள் ஒரு காய்ச்சல்

பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் உவமைகளைப் பற்றி ஆய்வு செய்கிறார் என்று கேள்விப்பட்டபோது தனுஷாவுக்கு அது விளங்கவேயில்லை. நிறத்தையும் நிலவையும் காணாதவருக்கு உவமையில் என்ன கிடைக்கும்? ஆனாலும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அந்த ஆய்வாளர் உதயரூபனுக்குக் கதைகளை வாசித்துக்காட்ட ஆள் தேவைப்பட்டபோது, தமிழ் படிக்கும் அவள் தானாகவே போய் நின்றாள்.

ஒருநாள் அவளுக்கு ஒரு துணிச்சல் வந்தது. தான் எழுதி ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்த கதையை, சஞ்சிகைக் கதைகளுக்கு நடுவே, பெயர் சொல்லாமல் வாசித்தாள். பெரிய கதை ஒன்றுமில்லை. மண்டூர்த் துறையில் ஒரு பெண் பாதையில் ஏறுகிறாள். ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டைப் படகை அந்தப் பக்கம் பாதை என்பார்கள். அக்கரை வந்ததும் கதை முடிந்துவிடும்.

உதயரூபன் தலையைக் குனிந்து கேட்டார்.

“வாவி கண்ணாடி போலக் கிடந்ததெண்டு வருதே, அந்த வரி சரியில்ல தங்கச்சி. எல்லாரும் எழுதுறதுதான். காதில பட்டு அப்படியே வழுக்கிப் போயிட்டு.”

தனுஷாவுக்கு முகம் சூடேறியது. நல்லகாலம், பெயர் சொல்லவில்லை.

“ஆனா காத்து வாற இடத்தைத் திரும்ப ஒருக்கா வாசிங்க.”

“காற்று ஈரச் சீலையை மடித்து அவள் நெற்றியில் வைத்துவிட்டுப் போனது.”

அவருடைய கை தானாக நெற்றிக்குப் போனது. “அந்தக் கைப்பிடிக் கம்பி?”

“காய்ச்சல்காரியின் கை போலச் சுட்டது.”

“பாதை?”

“மூச்சு வாங்கி வாங்கி நகர்ந்தது.” வாசிக்கும்போதே அவள் குரல் தணிந்தது.

“பாத்தீங்களா? கதையில ஒருத்தருக்கும் நோய் வருத்தமில்ல. ஆஸ்பத்திரி எண்ட சொல்லே இல்ல. ஆனா இந்த வரியெல்லாத்தையும் சேத்துக் கேட்டா, உள்ளுக்கு ஒரு ஆள் காய்ச்சலோட படுத்திரிக்கி. எழுதினவங்களுக்கே அது தெரியுமோ என்னவோ.”

“அவக்குச் சுகம் வருதா அண்ணா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கடைசி வரி என்ன?”

“கரையைத் தொட்டதும் எஞ்சினை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் ஒருவரும் உடனே இறங்கவில்லை.”

“இல்ல தங்கச்சி,” என்றார் மெதுவாக. “சுகம் வரல்ல.”

தனுஷாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. போன மாரிக்கு முந்திய மாரியில், ஆஸ்பத்திரி வாட்டில் அம்மா கிடந்த கோலம் கண்முன் வந்தது. அம்மாவின் மூச்சு நின்ற பிறகும் அப்பாவும் அவளும் கட்டிலருகிலிருந்து எழும்பவில்லை. அதைப்பற்றி ஒரு சொல்கூட எழுத முடியவில்லை என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அம்மாவோ காற்றிலும் கம்பியிலும் வந்து குடியிருக்கிறாள்! கொண்டுவந்து வைத்தது தன்னுடைய கைதான், தனக்கே தெரியாமல். தாள்களைக் கையில் வைத்திருக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“அது நான் எழுதினது,” என்றாள். “எங்கட அம்மா. டெங்கு.”

உதயரூபன் பதறிப்போனார். “ஐயோ, தெரியாமக் கதைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

“இல்ல அண்ணா. நீங்க சொல்லாட்டி அவ அதுக்குள்ள இரிக்கிறது எனக்குத் தெரிஞ்சே இரிக்காது.”

அன்று பின்னேரம் கண்ணாடி வரியை வெட்டிவிட்டு, வெல்லாவெளியில் இருந்த அப்பா வினாயகமூர்த்திக்குப் போன் எடுத்தாள். ஒரு கதை எழுதியிருக்கிறேன், கேளுங்கள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வாசித்து முடித்தாள். மறுபக்கம் சத்தமே இல்லை. லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தாள்.

“அப்பா?”

“இரிக்கன் மகள். அந்தச் சீலைய நான்தானே நனைச்சு நனைச்சு உன்ட கையில தந்தன்.”

பிறகு, “இன்னொருக்கா வாசி புள்ள,” என்றார்.