உறைந்த பட்டாணி

என் அப்பா டெல்பர்ட் சாவை ஒரு சாவாகவே மதித்ததில்லை. "கொஞ்ச காலம் ஐஸ்ல கிடப்பேன். மருந்து கண்டுபிடிச்சதும் எழுப்புவாங்க. அப்ப நீ கிழவி, நான்தான் இளசு," என்று என்னைச் சீண்டுவார். அதற்காகவே ஒஹாயோ வீட்டை விற்றுவிட்டு, உடல்களை உறையவைத்துக் காக்கும் நிலையத்துக்குப் பக்கத்தில், இந்தப் பாழாய்ப்போன அரிசோனா வெயிலுக்குக் குடிவந்தார். மூச்சு நின்றதும் அவரை அந்த ஆட்களிடம் ஒப்படைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். அம்மா அழுது தடுத்துவிடுவாளாம், நான் கல்நெஞ்சக்காரியாம்.

அப்பாவுக்குக் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அன்று மதியம் நிலையத்து ஆட்கள் ஐஸ் தொட்டியோடு வாசலில் காத்திருந்தார்கள். நர்ஸ் யோலாண்டா வந்து இறப்பை உறுதி செய்யும்வரை அவர்கள் அப்பாவைத் தொடக்கூடாது. நான் அறைக்குள் போனபோது, அம்மா உறைந்த பட்டாணிப் பைகளை அவர் தலையைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! உயிர் இருக்கும்மா!"

"தெரியும்டி. நர்ஸ் ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள மூளை கெட்டுப்போச்சுன்னா? நாளைக்கு எழுந்து வந்து, என்னைப் பாத்து நீ யாருன்னு கேட்டா?"

உயிரோடு இருந்தவருக்கு ஐஸ் வைத்தார்கள் என்று நர்ஸ் ஒரு வார்த்தை சொன்னால் போலீஸ் வரும். பிரேதப் பரிசோதனை என்று மண்டையைத் திறப்பார்கள். அவர் காப்பாற்ற நினைத்த மூளையே போய்விடும். பைகளை வாரி எடுத்தேன். நெற்றி சில்லிட்டிருந்தது.

நேற்றிலிருந்து பேச்சில்லாமல் கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

"குளிருது கொரின். ரொம்பக் குளிருது. பயமா இருக்கு."

"வெறும் பட்டாணிப்பா. எடுத்துட்டேன்."

குளிரைப் பற்றி ஆயுசெல்லாம் பிரசங்கம் செய்த மனுஷன் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். போர்வை மேல் போர்வையாகப் போட்டோம். நடுக்கம் நிற்கவில்லை. கடைசியில் மூச்சும் சேர்ந்து நின்றது.

யோலாண்டா வந்து நாடி பார்த்தாள். ஈரத் தலையணையைப் பார்த்தாள்.

"காய்ச்சல் அடிச்சுதா?"

"ஆமா," என்றேன்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். "போயிட்டாரு. அவங்களைக் கூப்பிடலாம்."

நான் கதவுப் பிடியில் கையை வைத்தேன், திருகவில்லை. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "குளிருதுன்னுதானேடி சொன்னாரு? வேண்டாம்னு சொல்லலையே?"

"சொல்லலை."

கதவைத் திறந்துவிட்டேன். அவர்கள் தொட்டியில் அவரைக் கிடத்தி மேலே ஐஸைக் கொட்டினார்கள். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன், அது மறுபடி திறந்துவிடுமோ என்று.