பாக்க வர்றாங்க

பூவாத்தாளுக்கு முதல் சந்தேகம் கண்ணாடியிலிருந்துதான் வந்தது. தலைவாரிப் பொட்டு வைத்த பிறகும் ஜீவிதா கண்ணாடியை விட்டு நகராமல் தனக்குத்தானே ஒரு சிரிப்புச் சிரித்தாள். அது சரியில்லை என்று கலைத்துவிட்டு இன்னொன்று சிரித்தாள். பிறகு கை கூப்பி யாரையோ வரவேற்றாள். கதவோரம் மணையைப் போட்டு ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்த பூவாத்தாளுக்குக் கை நின்றுபோயிற்று. பெற்ற தாயைப் பார்த்து இப்படி வாய் கொள்ளாமல் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று? இவள் யாருக்காக ஒத்திகை பார்க்கிறாள்?

கேட்டால் படிப்பு என்பாள். டூரிசம் மேனேஜ்மென்ட். ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்து, புருஷன் ஆறுமுகசாமி சென்ட்ரிங் வேலையிலும் இவள் ஊதுவத்தியிலுமாகக் கிடந்து மகளை யுனிவர்சிட்டி வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தார்கள். டீச்சர் படிப்பு, நர்ஸ் படிப்பு என்றால் நாலு பேரிடம் வாய் நிறையச் சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது? பக்கத்து வீட்டு மாதம்மா ஒரு நாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஊர் சுத்தறதுக்குமா காலேஜு வெச்சிருக்காங்க? என்ற வீட்டுக்காரரு படிக்காமயே அதுல பட்டம் வாங்கிட்டாரே!" என்றாள். பூவாத்தாளும் சேர்ந்து சிரித்துத்தான் வைத்தாள்.

அப்புறம் அந்தப் பையன். தேஜஸ் என்று பெயர், கூடப் படிக்கிறவனாம். ஏதோ புத்தகம் கொடுக்க வந்தவன் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? குழாயடியைப் பார்த்தான், சாக்கடையைப் பார்த்தான், கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தான். உள்ளே எத்தனை பேர் உட்காரலாம் என்று ஜீவிதாவிடம் கன்னடத்தில் கேட்டான். வத்தி மாவின் கரி படிந்த பூவாத்தாளின் கையையே பார்த்துக்கொண்டு "நமஸ்காரா அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். சம்பந்தம் பேச வருகிறவன்கூட இப்படி எடை போட மாட்டான். அன்றைக்குச் சாயங்காலமே ஜீவிதா போனை எடுத்துக்கொண்டு வந்து, "கையைக் காட்டும்மா, ஒரு போட்டோ" என்றாள். எதற்கு என்றால், சும்மா என்றாள். சும்மா யாராவது கரிக் கையைப் படம் பிடிப்பார்களா?

இதெல்லாம் போகட்டும். வியாழக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டே ஜீவிதா போனில் பேசியது பூவாத்தாளின் காதில் விழுந்தது. "பானுவார நம் மனே நோடக்கே பர்த்தாரே. அம்மங்கே இன்னூ ஹேளில்ல." ஞாயிற்றுக்கிழமை நம்ம வீட்டைப் பாக்க வர்றாங்க, அம்மாகிட்ட இன்னும் சொல்லல. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்தக் கன்னடம்கூடவா புரியாது? பாக்க வர்றாங்க என்றால் தமிழில் என்ன அர்த்தமோ கன்னடத்திலும் அதேதான். வயசுப் பெண் இருக்கிற வீட்டைப் பின்னே எதற்குப் பார்க்க வருவார்கள், சுவருக்கு என்ன சுண்ணாம்பு அடித்திருக்கிறது என்றா?

அவளே கேட்டுப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம யாராச்சும் வர்றாங்களா கண்ணு?"

ஜீவிதா போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஆமாம்மா. ப்ராஜெக்ட் விஷயமா கொஞ்சப் பேரு. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். எப்பவும் போல இரு, போதும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாள் என்று பூவாத்தாள் நினைத்தாள். கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்சம் அழுதாள். ஆறுமுகசாமி காதில் போட்டால் அந்த மனுசன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். சாதி வேறு, பாஷை வேறு. ஆனால் பையன் ஆளைப் பார்த்தால் மோசமில்லை. எது எப்படியோ, வருகிறவர்கள் வாசலிலிருந்தே முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினால் தலைகுனிவு யாருக்கு? மகளுக்குத்தானே. பெண்ணைப் பெற்றுவிட்டு வீம்பு பேச முடியுமா என்று மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறுமுகசாமி வேலைக்குப் போனார். அவர்களைக் கூட்டிவர ஜீவிதாவும் கிளம்பிப் போனாள். உடனே பூவாத்தாள் மணையையும் கரிமாவுச் சட்டியையும் கொல்லையில் வைத்துச் சாக்குப் போட்டு மூடினாள். குச்சிக் கட்டுகளை மாதம்மா வீட்டுக்குத் தள்ளி, அங்கிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்தாள். கேசரி கிண்டினாள், வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். உள்ளங்கை எரிய எரியப் புளி போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் மட்டும் கறுப்புப் போகவில்லை. பெட்டியின் அடியில் கிடந்த அரக்குப் பட்டுச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

வந்தார்கள். வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதி ஒரு ஜோடி, தொப்பி போட்ட பெங்களூர்க்கார அம்மாக்கள் இரண்டு பேர், பின்னால் கையில் சின்னக் கொடியோடு தேஜஸ். வெற்றிலைத் தட்டும் இல்லை, பூவும் இல்லை. ஜீவிதா அவர்கள் பக்கம் திரும்பியபடி பின்னோக்கி நடந்துகொண்டே குழாயடியைக் காட்டினாள், தகரக் கூரையைக் காட்டினாள், இங்கிலீஷில் பொழிந்துகொண்டே வந்தாள். முகத்தில் அந்தக் கண்ணாடிச் சிரிப்பு. திரும்பி அம்மாவைப் பட்டுச் சேலையில் பார்த்ததும் அது அப்படியே நின்றுபோயிற்று.

அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "என்னம்மா இது? மணை எங்க? மாவு எங்க?"

"பாக்க வர்றாங்கன்னா அதைய நடுவீட்டுலயா வெப்பாங்க?"

"ஐயோ, அதைப் பாக்கத்தாம்மா வந்திருக்காங்க! வத்தி உருட்டறவங்க எப்படி இருக்காங்க, எப்படி வேலை செய்யறாங்கன்னு. உன்னையத்தாம்மா பாக்க வந்திருக்காங்க. இந்த ட்ரிப்பை நடத்திக் காட்டினாத்தான் எனக்கு மார்க்கு. அந்தப் பழைய சீலையைக் கட்டிக்கிட்டு உக்காரும்மா, ப்ளீஸ், உன் கால்ல வேணா விழறேன்."

பையன் விவகாரம் இல்லை என்றதும் பூவாத்தாளுக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. அந்த மூச்சு வெளியே போவதற்குள் மற்றது உறைத்தது. என்னையவா? கையைப் படம் பிடித்தது அதற்குத்தானா? எப்பவும் போல இரு என்றது அதற்குத்தானா? கண்ணாடி முன்னால் அத்தனை சிரிப்புச் சிரித்துப் பார்த்தது, பெற்றவளை நாலு பேருக்கு வேடிக்கை காட்டவா? ஒரு அறை விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் பிள்ளையின் கண் கலங்கியிருந்தது, வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"வந்தவங்கள நிக்க வெக்காத. உள்ள கூப்புடு."

"சீலையம்மா..."

"கூப்புடுங்கறேன்ல."

நாற்காலிகளில் உட்கார வைத்தாள். பஜ்ஜியும் கேசரியும் வைத்த தட்டை ஜீவிதாவின் கையில் கொடுத்து நீட்டச் சொன்னாள். அவர்களுக்கு எதிரே தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையை இழுத்து மூடி உட்கார்ந்தாள். பெங்களூர்க்கார அம்மா ஒருத்தி போனைத் தூக்கினாள், பூவாத்தாள் நேராகப் பார்த்ததும் மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளைக்காரி கேசரியை வாயில் போட்டுவிட்டு ஏதோ சொன்னாள்.

"ரொம்ப நல்லா இருக்காம்மா."

"சந்தோசம்னு சொல்லு. இதையும் சேத்துச் சொல்லு. பாக்க வந்தாங்க, பாத்தாச்சு. நம்மள்ல ஒரு மொறை இருக்குது. பாத்துட்டுப் போனவங்க வீட்டை நாமளும் ஒரு நாள் போய்ப் பாக்கோணும். எப்ப வரட்டும்னு கேளு."

ஜீவிதா தட்டோடு நின்றாள். நாலு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். வெள்ளைக்காரி, என்ன சொன்னார்கள் என்று கேட்கிற மாதிரிச் சிரித்தபடி புருவத்தை உயர்த்தினாள். தேஜஸ் கொடியை மெதுவாகச் சுருட்டினான். ஜீவிதா உதட்டைப் பிரித்தாள். பழகி வைத்த சிரிப்பு வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. தட்டில் கடைசி பஜ்ஜி எடுப்பார் இல்லாமல் கிடந்தது.