அக்காவுக்கு ஓர் இறப்புச் சான்று

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போகும் ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவ்வளவுதான். நான் வேறொரு வேலையாகப் போய் மரத்தடியில் நின்றிருந்தேன். அந்த மாதிரி வாசல்களில் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கத்துகிறவர்களையும், விட்ட இடத்தில் செருப்பைக் காணாமல் தேடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தவளை அன்றுதான் பார்த்தேன். அவள் ஏன் சிரித்தாள் என்று நானாகக் கட்டியதுதான் மற்றதெல்லாம்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "காஞ்சனா செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு அரசாங்கம் அவளைத் தேட ஆரம்பித்தது." மோசமில்லை. ஆனால் எழுதியவனின் கெட்டிக்காரத்தனம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ரத்தினம்மாவின் கழுத்தில் இப்போது தாலி இல்லை, ஆனால்"

இதை முடிக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்து முதலில் கழுத்தைப் பார்க்கும் உறவுக்காரியின் வேலையை நானும் செய்ய வேண்டுமா என்று கூச்சமாக இருந்தது. பார்க்காமல் இந்தக் கதை நகராது. பார்த்துவிடுவோம்.

ரத்தினம்மா, நாகேந்திரனுக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி காஞ்சனா, சீனு என்ற ஒரே பிள்ளையைப் பெற்று, அவன் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர்களுடைய வழக்கப்படி, இரண்டாவதாக வருகிறவள் தன் தாலிக் கயிற்றில் மூத்தாள் பேருக்கு ஒரு சின்னத் தங்கப் பொட்டைக் கோத்துக்கொள்ள வேண்டும். புதுப் புடவை எடுத்தால் மூத்தாளுக்கு வைத்துப் படைத்த பிறகுதான் கட்ட வேண்டும். பயத்தில் உண்டான வழக்கமாக இருக்கலாம். ரத்தினம்மாவுக்கும் பயத்தில்தான் ஆரம்பித்தது. எந்த வருடம் அது பாசமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. புடவையோடும் அது நிற்கவில்லை. புது அரிசி, புது மிக்ஸி, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தபோது சீனுவுக்குக் கொடுத்த அடையாள அட்டை, எல்லாமே முதலில் விளக்கு மாடத்துக்கு முன்னால் போகும். "அக்கா, பாத்துக்கோ" என்பாள். பிறகுதான் மற்றவர்கள் தொடலாம்.

நாகேந்திரன் போன பிறகு, தாலி கழற்றும் சடங்கில் பெண்கள் அந்தப் பொட்டையும் சேர்த்து எடுக்கப் போனார்கள். ரத்தினம்மா அதை மட்டும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"அக்கா இன்னா எம் புருசனா? அக்காவ எதுக்குக் கழட்டணும்?"

பொட்டு இப்போது கறுப்புக் கயிற்றில் தொங்குகிறது.

3.

நாகேந்திரன் அரசுப் பள்ளி ஒன்றில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்ப ஓய்வூதியம் கேட்டு ரத்தினம்மாவும் சீனுவும் சித்தூரில் ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். என்னுடைய மனு ஒன்றும் அங்கே கிடக்கிறது.) வேலைக்குச் சேர்ந்த வருடம் மனைவியின் பெயர் காஞ்சனா என்று எழுதிக்கொடுத்த மனிதர், கடைசிவரை அதை மாற்றவே இல்லை. சோம்பலா பிரியமா என்று ஒரு பக்கம் ஆராய்ந்து எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். அவரைத் தெரிந்தவர்கள் இரண்டும்தான் என்பார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தவர் காகிதத்தைப் பார்த்தார். ரத்தினம்மாவைப் பார்த்தார். "மீரெவரு?" என்றார். நீங்க யாரு?

கேட்டவர்மேல் தப்பில்லை. காஞ்சனா உயிரோடு இருந்தால் அவர் வரட்டும், இல்லையென்றால் இறந்ததற்குச் சான்று வரட்டும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். பணம் வராவிட்டால் போகிறது என்று அவள் விட்டிருப்பாள். சீனு சம்பாதிக்கிறான். ஆனால் அந்த "நீங்க யாரு" மட்டும் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து விளக்கு மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "அக்கா, என்னிய யாருன்னு கேட்டுட்டாங்க" என்று அழுதாள்.

4.

[இந்தப் பகுதி கொஞ்சம் கட்டுரை. கதை மட்டும் வேண்டுபவர்கள் தாண்டலாம். ஆனால் என்றைக்காவது தேவைப்படும்.]

சாவைச் செத்த ஊரில்தான் பதிய வேண்டும். எங்கே வாழ்ந்தார் என்பதைப் பற்றிச் சட்டத்துக்கு அக்கறை இல்லை. கிராமம் என்றால் பஞ்சாயத்து, நகரம் என்றால் நகராட்சி. இருபத்தொரு நாளுக்குள் சொல்லிவிட்டால் சுலபம். வருடக்கணக்கில் விட்டுவிட்டால், "எங்கள் பதிவேட்டில் இப்படி ஒரு சாவு இல்லை" என்று முதலில் ஒரு தாள் வாங்க வேண்டும். அதன் அசலோடு பிரமாணப் பத்திரம் சேர்த்து வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் கொடுத்து உத்தரவு பெற வேண்டும். அந்த உத்தரவு கிராமத்துக்குத் திரும்பி வந்தால் பதிவார்கள். பதிந்தால் சான்று கிடைக்கும்.

காஞ்சனா இறந்தது புத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வீட்டில். அப்போது அது சித்தூர் மாவட்டம். மாவட்டத்தைப் பிரித்தபோது அந்தக் கிராமம் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆக, கேள்வி கேட்டது சித்தூர், பதில் தர வேண்டியது திருப்பதி. நடுவில் ஓடியது சீனுவின் பைக்.

5.

கிராம அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருந்தவர் கிருஷ்ணப்பா. அவரை வில்லனாக்குவது என்று முடிவு செய்து மூக்குக் கண்ணாடியெல்லாம் மாட்டிவிட்டிருந்தேன்.

"யாருது பாபு?" என்றார்.

"பெத்தம்மாது சார்" என்றான் சீனு.

தட்டினார். பிறகு விரலை எடுத்தார். "பெத்தம்மாதுன்னா நீ கேக்கக் கூடாது. அவங்க பிள்ளைங்க வரணும்."

"நாந்தா சார் பிள்ள."

"எவருக்கு?"

"பெத்தம்மாவுக்கு."

"அதேதான் நானும் சொல்றேன். பெத்தம்மா பிள்ளைங்கள கூட்டிக்கினு ரா."

"வேற பிள்ளைங்களே கெடையாது சார். நான் ஒருத்தந்தா கீறேன்."

"பிள்ளைங்களே லேதா? அப்போ ஈஸி. பெத்தம்மாவுக்குப் பிள்ளைங்க இல்லன்னு ஒரு கையெழுத்துப் போடு."*

தான் பிறக்கவே இல்லை என்று எழுதித் தருவதற்குச் சீனு கிட்டத்தட்டப் பேனாவைத் திறந்துவிட்டான்.

(* தெலுங்கில் பெத்தம்மா என்றால் பெரியம்மா. தமிழில் பெற்ற அம்மா. வாயில் சொல்லும்போது சின்ன வித்தியாசம் உண்டு. எழுத்தில் அதுவும் கிடையாது. இந்தக் குழப்பத்துக்காகவே இதைத் தமிழில் எழுதக் கொடுத்துவைத்தவன் நான்.)

பெஞ்சில் இருந்த ரத்தினம்மா எழுந்து வந்தாள். "சார், இவன அக்கா பெத்தா, நான் வளத்தேன். சின்னதுலர்ந்து அப்டித்தா சொல்லிக் குடுத்தேன். அவ பெத்தம்மா. நான் வெறும் அம்மா."

"ஓ, கன்னதல்லியா!" என்று கிருஷ்ணப்பா தலையில் அடித்துக்கொண்டார். பெற்ற தாய்க்கு அவருடைய மொழியில் அதுதான் பெயர். அப்போதுதான் கறுப்புக் கயிறு அவர் கண்ணில் பட்டது. "சவதி பொட்டா அம்மா?"

சவதி என்றால் சக்களத்தி. "அக்கா பொட்டு" என்றாள் ரத்தினம்மா, வெடுக்கென்று.

"தப்பு, தப்பு. அக்கா பொட்டு" என்று அவர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். வில்லன் வேலைக்கு லாயக்கில்லாத மனிதர். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

6.

அடுத்த வாரம் தாள் தயாராகிவிட்டது. கிருஷ்ணப்பாவே படித்துச் சொன்னார். மேற்படி காஞ்சனா என்பவரின் இறப்பு இந்தக் கிராமத்துப் பதிவேடுகளில் எங்கும் இல்லை.

"அப்டின்னா சார்?"

"கவர்மெண்டு லெக்கப் பிரகாரம் அவங்க இன்னும் சாவல அம்மா."

ரத்தினம்மா தாளை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்திருந்ததைத் திருப்பினாள். வாசலுக்கு வந்தவுடன் பொங்கிவிட்டது. "டேய் சீனு! அக்கா சாவலயாம்டா! கவர்மெண்டே சொல்லுது!"

நாகேந்திரன் போன நாளிலிருந்து சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். மரத்தடியில் நின்று நான் பார்த்தது இதைத்தான்.

7.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான்காம் பகுதியைத் தாண்டாமல் வாசித்தவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் தாளின் அசலைக் கொடுக்க வேண்டும். கூடவே, காஞ்சனா செத்தது உண்மை என்று ரத்தினம்மா பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரிஜினலக் குடுத்துட்டு ஜெராக்ஸ் வெச்சிக்கலாம்மா" என்றான் சீனு.

"ஜெராக்ஸ்ல அக்கா எப்டிடா இருப்பா?"

சீனு தாளை அவள் பக்கமே தள்ளி வைத்தான். "பெத்தம்மா என்னியப் பெத்துச்சு, இல்லங்கல. ஆனா நீ யாருன்னு ஒருத்தன் கேட்டா எனக்குத் தாங்கலம்மா. நீ நைனா பொண்டாட்டின்னு அவங்களே எழுதித் தரணும்."

முடிவு அ: அவள் கையெழுத்துப் போடுகிறாள். உத்தரவு வருகிறது, சான்று வருகிறது. சித்தூரில் அதே மனிதர் நிமிர்ந்து பார்க்க, அவர் கேட்பதற்கு முன்பே "நாகேந்திரன் சம்சாரம்" என்கிறாள். எனக்குப் பாதி மனசு இதில்தான்.

முடிவு ஆ: தாளை மடித்து விளக்குக்குப் பின்னால் வைத்துவிடுகிறாள். யாரோ அவளை யாரென்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே இதன்மேல் சந்தேகமாக இருக்கிறது.

முடிவு இ: கிருஷ்ணப்பா ரகசியமாக இரண்டு அசல்

இல்லை. நல்ல மனிதரின் வேலைக்கு உலைவைக்க வேண்டாம்.

8.

திருப்பதிக்குக் கோட்ட அதிகாரியிடம் போக வேண்டிய காலை. பிரமாணப் பத்திரம் வீட்டுக்குப் புதிதாக வந்த பொருள். அதனால் அதுவும் விளக்கு மாடத்துக்கு முன்னால் வந்தாக வேண்டும். ரத்தினம்மா அதை வைத்தாள். பக்கத்தில் பேனாவை வைத்தாள். பொட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ செத்துட்டன்னு என்னிய எழுதித் தரச் சொல்றாங்க. எழுதனாத்தா நான் அவரு பொண்டாட்டியாம். எனக்காவ இன்னொருவாட்டி செத்துக் குடுப்பியா? நீ இன்னா சொல்ற?"

இந்தக் கதையில் காஞ்சனாவுக்கு இதுவரை ஒரு வார்த்தைகூட இல்லை. அவளுக்குப் போட்டோ கிடையாது. குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "போடி பைத்தியமே, கையெழுத்துப் போடு" என்று ஒரு தடவை எழுதினேன். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறனே" என்று ஒரு தடவை எழுதினேன். இரண்டிலும் என் குரல்தான் கேட்டது. நான் யாருக்கும் அக்கா இல்லை. உங்களில் சிலர் அக்காவாக இருப்பீர்கள், சிலருக்கு அக்கா இருப்பாள். உங்களுக்குத்தான் தெரியும். அவள் வசனத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்:

காஞ்சனா: "                                        "

எழுதிவிட்டு ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். ரத்தினம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், வெளியே சீனு பைக்கை உதைத்துவிட்டான்.